யாழினிக்குப் பள்ளி பார்த்த கதை

“பாப்பா, பேரு என்னா?” என்று கேட்டார் டீச்சர்.

“யாழினி,” என்றேன் நான்.

டீச்சர் வகுப்பறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றித் தண்ணீர் போத்தல் மூடிகள் நீலமும் வெள்ளையுமாகக் குவிந்து கிடந்தன. மடியில் பசை டப்பா. ஒவ்வொரு மூடியின் மேலும் ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பதில் சொன்னதும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

“அக்கா, உங்க பேரு யாழினியா?”

என் மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடி இன்னும் இறுகியது. வாசலில் நின்ற என் கணவர் இருமினார். அது இருமல் இல்லை, சிரிப்பு. இத்தனை வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

நான் வாயைத் திறந்தேன். தினமும் இருபத்திரண்டு பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிற வாய் அது. ஓய்வு என்பதே அதற்குக் கிடையாது. அன்றைக்குத் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது.

அது கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும். அந்த வகுப்பறைக்கு நாங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேன்காரிக்குத் தெரியாத பள்ளியா

போன வாரம் இந்தப் பத்தியில் என் வேனுக்குள் பாம்பு புகுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓர் அம்மா ஜாசின் பாசாரில் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கீரை வாங்க வந்தவர், கீரையை மறந்துவிட்டார்.

“பாம்பு கெடக்கட்டும் லா. இத்தன ஸ்கூலுக்கு வேன் ஓட்டுறீங்க, எம்பிள்ளைய எங்க போடலாம்னு அத எழுதுங்க மொதல்ல.”

நியாயமான கேள்விதான். நான் ஜாசின் டவுன் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வசிக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். ஒரு சீனப் பள்ளி, ஒரு தேசியப் பள்ளி, இரண்டு தமிழ்ப் பள்ளிகள். எந்தெந்தப் பள்ளி என்று எழுதமாட்டேன். எழுதினால் திங்கட்கிழமை காலையிலேயே நாலு கேட்டிலும் எனக்குப் பதில் சொல்ல ஆள் நிற்கும்.

ஆனால் பொதுவாகச் சொல்லலாம். சொல்வதற்கு எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில், கேட்டில் கட்டியிருக்கும் பேனரைப் படித்து மயங்காதீர்கள். பேனரில் இருக்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, அவ்வளவுதான். பேனரில் இல்லாத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கிற கழிப்பறையை அல்ல, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் போகிற கழிப்பறையை. சுத்தமாக இருக்கிறதா, கொக்கி அவர்கள் கைக்கு எட்டுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா. நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வந்து என் வேனில் நெளிகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நூல்நிலையத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு இருந்தாலும் குற்றமில்லை. அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஒரு டீச்சர் நடந்து வரும்போது பிள்ளைகள் ஓடி வருகிறார்களா, ஒதுங்குகிறார்களா? தோட்டக்காரரின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகா, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? இதெல்லாம் எந்தப் பள்ளியும் அச்சடித்துக் கொடுக்காத விஷயங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மத்தியானம். பள்ளி விட்டு வேனில் ஏறுகிற பிள்ளை முதலில் என்ன பேசுகிறது என்று கேளுங்கள். என் வேனில் துர்கா என்று ஒரு நாலாம் ஆண்டுப் பிள்ளை இருக்கிறாள். ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள். “அக்கா, இன்னிக்கி எங்க டீச்சரு என்னா செஞ்சாங்க தெரியுமா?” அப்படி ஒரு பிள்ளை தினமும் கேட்டால், அந்தப் பள்ளியில் ஏதோ நடக்கிறது. “இன்னிக்கி ஒன்னும் இல்ல” என்று ஒரு பிள்ளை ஒரு வருடம் முழுக்கச் சொன்னால், அதுவும் ஒரு செய்திதான்.

இவ்வளவு தெரிந்த நான் என் சொந்த மகளுக்குப் பள்ளி பார்க்கும்போது என்ன செய்தேன் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் மறந்தேன்.

வீட்டில் ஒரு பிள்ளை, வெளியில் ஒரு பிள்ளை

யாழினி வீட்டில் வாய் ஓயமாட்டாள். வேனில் வருகிற பிள்ளைகள் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவாள். துர்கா மூக்கை உறிஞ்சுவதை அவள் செய்து காட்டினால் என் கணவருக்குச் சாப்பிட்ட சோறு புரையேறும்.

வாசற்படியைத் தாண்டினால் ஒரு சொல் வராது.

பாலர் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தாள். பாட்டுப் பாடும்போது உதடு மட்டும் அசையும். “நல்ல பிள்ளைங்க, தொந்தரவே கெடையாது,” என்று அங்கே சொன்னார்கள். உறவுக்காரர்கள் வாயில்லாப் பூச்சி என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு நாள் வரைக்கும்.

அன்று மத்தியானம் பாலர் பள்ளியில் போய் அவளைத் தூக்கினேன். உடம்பு அனலாகக் கொதித்தது. காலையிலிருந்து வயிற்று வலி. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, வலியைப் பொறுத்துக்கொண்டு, படத்துக்கு வண்ணம் அடித்திருக்கிறாள். கோட்டைத் தாண்டாமல் அடித்திருந்தாள்.

கிளினிக்கில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். சில பிள்ளைகள் இப்படித்தான், பயமுறுத்தக் கூடாது, பேசு பேசு என்று நச்சரிக்கக் கூடாது, போகிற பள்ளியில் அவளுக்குப் பிடித்த ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மெல்ல மெல்லப் பேசுவாள் என்றார்.

ஆக, மற்றவர்கள் மகளுக்குப் பள்ளி தேடினார்கள் என்றால், நான் என் மகளின் குரலுக்கு ஓர் இடம் தேடினேன். வலிக்கிறது என்று அவள் வாய் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஏ எடுக்கிறாளா பி எடுக்கிறாளா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி தெரியாமல் வாங்கிய உடுப்பு

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆசை இருக்கிறதே, அது யாரைக் கேட்டு வருகிறது?

பதிவு மூடுவதற்கு இன்னும் நாள் இருந்தது. எந்தப் பள்ளி என்று முடிவாகவில்லை. அதற்குள் நான் ஜாசின் டவுனில் பாய் கடைக்குப் போய் நீலப் பினஃபோர் வாங்கிவிட்டேன். எங்கள் நாட்டில் இது ஒரு வசதி. தமிழ்ப் பள்ளியோ சீனப் பள்ளியோ தேசியப் பள்ளியோ, ஆரம்பப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே நீலம்தான்.

பாய் எனக்குப் பல வருடப் பழக்கம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடை இருக்கிறது. அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“எந்த ஸ்கூலும்மா? பேட்ஜ் குடுக்கணும்ல.”

“இன்னும் தெரியல பாய்.”

“பொண்ணு பாக்காமலே தாலி வாங்க வந்த மாரி இருக்கே.”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாழினி கண்ணாடி முன் பினஃபோரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் வரைக்கும் வந்தது. “வளருவா,” என்றார் பாய். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் பிள்ளை பள்ளிக்கூடம் போகப் போகிறாள். பிறந்த பிள்ளை எல்லாம் பள்ளிக்குப் போகத்தான் போகிறது, ஆனாலும் நம் பிள்ளை போகும்போது அது உலகத்தில் முதல் தடவை நடக்கிற காரியமாகத்தான் தெரிகிறது.

என் கணவர் சரவணன் வேறு வகை. ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். கைப்பேசியில் ஓர் அட்டவணை போட்டார். தூரம், கட்டடம், கம்ப்யூட்டர் அறை, கேண்டீன், டீச்சர்கள் என்று வரிசையாகப் பத்து விஷயம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவதாக ஏற்பாடு. பள்ளிகள் பிள்ளைகளுக்கு மார்க் போடும், என் கணவர் பள்ளிகளுக்கு மார்க் போட்டார்.

இரண்டு பள்ளிகள்

முதலில் சீனப் பள்ளி. எங்கள் தாமானில் பாதிப் பேர் அங்கேதான் பிள்ளையைப் போட ஆசைப்படுகிறார்கள். மூன்று மாடி, பெரிய மண்டபம், மேளம் அடிக்கிற பிள்ளைகள். கேண்டீனில் சமையல் வாசனை. சரவணன் மேசை நாற்காலியைத் தட்டித் தட்டிப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு டீச்சர் யாழினி பக்கம் குனிந்து மாண்டரினில் பெயரைக் கேட்டார். வேனில் சீனப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி எனக்கும் நாலு வார்த்தை வரும். நானே மாண்டரினில் பதில் சொன்னேன். டீச்சர் ஆச்சரியப்பட்டு என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளி. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வகுப்பறை வாசலில் செருப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள், பார்க்கவே அழகாக இருந்தது. சிக்கு ஒருவர் (டீச்சரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மண்டியிட்டு உட்கார்ந்து, “நாமா சியாப்பா, சாயாங்?” என்று பெயரைக் கேட்டார். அவ்வளவு அன்பாக. “யாழினி, சிக்கு,” என்றேன் நான். என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். வீட்டில் தம்பி தங்கை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சிக்கு எழுந்து நின்று என்னிடமே மீதியைப் பேசினார்.

இரண்டு பள்ளியும் நல்ல பள்ளிதான். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யாழினி இரண்டு இடத்திலும் பேசவில்லை. வேறு எங்கே பேசினாள், இங்கே பேச, என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பேசப் பழகிய விதம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

என்னை யாரும் பள்ளி பார்த்துச் சேர்க்கவில்லை. நாங்கள் செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் பள்ளி. வருடக் கடைசியில் ஒரு வாத்தியார் நோட்டுப் புத்தகத்தோடு லைனுக்கு வந்தார். தலைக்கு மேலாகக் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னார். எனக்கு எட்டியது. பெயரை எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் நாங்கள் பள்ளியைப் பார்க்கப் போகவில்லை, பள்ளிதான் வந்து எங்களைப் பார்த்தது.

மலாய் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. தோட்டத்துக்குள் ஊரையே விலைக்கு வாங்குகிற பேச்சுப் பேசுவார். அரசாங்க ஆஸ்பத்திரி, பதிவு அலுவலகம், போலீஸ் நிலையம் என்று போனால் என் பின்னால் ஒதுங்கி நின்றுகொள்வார். எட்டு வயதில் நான் கவுண்டரில் எக்கி நின்று, அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று சொல்வேன். அம்மா சொல்லாததையும் சேர்த்துச் சொல்வேன். வீட்டுக்கு வரும்போது அம்மா எனக்கு ஐஸ் மிட்டாய் வாங்கித் தருவார். “எம்மவ இருந்தா எனக்கு வாயே வேணாம்,” என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவார்.

எங்கள் தோட்டத்தில் என்னைப் போல வீட்டுக்கு ஒரு பிள்ளை இருந்தது. அப்பா அம்மாவின் வாயாக இருந்த பிள்ளைகள் நாங்கள். பேசினால்தான் காரியம் நடக்கும், முந்திப் பேசினால்தான் சீக்கிரம் நடக்கும். அந்தப் பழக்கம் எனக்கு உடம்போடு வந்துவிட்டது. வேனிலும் அதுதான். யாருக்குத் தாகம், யாருக்கு ஜன்னல் இருக்கை வேண்டும், யார் யாரோடு சண்டை, அவர்கள் வாயைத் திறக்கும் முன் நான் சொல்லிவிடுவேன். “வேன் அக்காவுக்கு எல்லாம் தெரியும்,” என்று அவர்களின் அம்மாக்கள் மெச்சுவார்கள். எனக்கும் அது பிடிக்கும், மறைப்பானேன்?

உம்பாயில் ஒரு முடிவு

பதிவு மூட மூன்று நாள் இருந்தது. சாயங்காலம் உம்பாய்க்குப் போனோம். கடலோரக் கடையில் சுட்ட மீன் வாங்கி வைத்துக்கொண்டு பேசித் தீர்த்துவிடலாம் என்று திட்டம்.

“சீன ஸ்கூலு எம்பத்தாறு,” என்றார் சரவணன், கைப்பேசியைப் பார்த்து. “மத்தது எம்பது. அப்பறம் என்னா யோசன? போட்டுடலாம் லா.”

“அவ பேசுவாளாங்க அங்க?”

“அதுக்கு எப்படி மார்க் போடறது, சொல்லு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைக்காரப் பையன் வந்து யாழினியிடம் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டான். ரோஸ் சிராப் என்றேன். அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். சரி, சீனப் பள்ளியே என்று முடிவு செய்தோம். முடிவு செய்ததும் இருவருக்கும் பசி கூடிவிட்டது. இன்னொரு மீன் வாங்கினோம்.

மறுநாள் மத்தியானம் துர்கா வேனில் ஏறினாள். வழக்கம்போல ஏறும்போதே ஆரம்பித்தாள்.

“அக்கா, ஒன்னாம் ஆண்டுக்குப் புது டீச்சரு வந்திருக்காங்க தெரியுமா? அவங்க கேள்வியே கேக்க மாட்டாங்க. நம்மளத்தான் கேக்கச் சொல்றாங்க. ஒரு பையன் ஒங்களுக்குப் பல்லு எத்தனன்னு கேட்டான். அவங்க கண்ணாடிய எடுத்து எண்ணுனாங்க கா.”

நான் வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். பத்து வருடமாக மற்றவர்களுக்கு, மத்தியானப் பேச்சைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பள்ளி வாசலில் தினமும் போய் நிற்கிறேன். சின்னத் தமிழ்ப் பள்ளி, ஒன்றாம் ஆண்டில் ஏழெட்டுப் பிள்ளைகள்தான், அட்டவணையில் போடக்கூட வேண்டாம் என்று நாங்களே விட்டுவிட்டோம். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

“ஏன் கா நிக்கிறீங்க?” என்றாள் துர்கா.

“ஒன்னுமில்ல. பல்லு எத்தன இருந்துச்சாம்?”

“இருவத்தொம்பது.”

அன்றைக்கே சரவணனுக்குப் போன் செய்தேன். அவர் மறுநாள் அரை நாள் லீவு போட்டார். அதை இப்போதும் நன்றியோடு மனதில் வைத்திருக்கிறேன்.

மூடிகளும் மூடிய வாயும்

திறந்த வாயோடு நான் நின்றுகொண்டிருக்கிறேன் அல்லவா, அங்கே திரும்புவோம்.

“மன்னிச்சிருங்க டீச்சர்,” என்றேன் ஒருவழியாக. “இவ வெளியில பேச மாட்டா. அதான் நானே...”

“பரவால்ல கா. பேசணும்னு கட்டாயம் இல்ல. உக்காரட்டும்.”

டீச்சர் யாழினியைப் பார்க்கவே இல்லை. மூடிகளில் ஒரு பாதியைத் தரையில் அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார். “இதுல பதினேழக் காணோம். காலையிலேர்ந்து தேடுறேன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

என் சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. யாழினி உட்கார்ந்தாள். ஒவ்வொரு மூடியாகத் திருப்பிப் பார்த்தாள். பதினேழு அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எனக்குத் தெரிந்தது. எப்படிச் சும்மா இருக்க முடியும்?

“யாழி, அதோ பாரு, உன் காலுகிட்ட...”

“அக்கா,” என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார். என் வாய் மூடிக்கொண்டது.

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ புல் வெட்டினார்கள். யாழினி எல்லா மூடியையும் பார்த்து முடித்து, கடைசியில் முழங்காலை நகர்த்தி, பதினேழை எடுத்து டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். பிறகு, பசை தடவிக்கொண்டே, “என்கிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா கேளு. கேக்காட்டியும் பரவால்ல,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த கேள்வி இல்லை, ஊக்கப்படுத்தல் இல்லை, என்னைப் பார்த்துச் சிரிப்பதும் இல்லை. மூடிகளுக்கு எண் ஒட்டினார். எத்தனை நிமிடம் என்று தெரியாது. எனக்கு ஒரு யுகம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேளு, சாப்பிட என்ன தருவார்கள் என்று கேளு என்று பத்துக் கேள்வி என் தொண்டையில் வரிசையாக நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு பள்ளிகளும் ஞாபகம் வந்தன. குனிந்து கேட்ட சீனப் பள்ளி டீச்சர், மண்டியிட்டுக் கேட்ட சிக்கு. அவர்களும் ஒருவேளை இப்படிக் காத்திருந்திருப்பார்கள். காத்திருக்கிறார்களா என்று பார்க்கவே நான் விடவில்லை. மூச்சு விடும் முன் பதில் சொல்லிவிட்டேன். பள்ளிகளைச் சோதிக்கப் போவதாக நினைத்துக்கொண்டு, சோதிக்க வேண்டியதை மட்டும் செய்யாமல் வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு இனி நான் இதைத்தான் முதலில் சொல்வேன்: அங்கே யாராவது உங்கள் பிள்ளையிடம் ஒன்று கேட்டால், நீங்கள் பேசாதீர்கள். அந்த ஆள் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று பாருங்கள்.

“டீச்சர்.”

யார் கூப்பிட்டது என்று ஒரு நொடி புரியவில்லை. அந்தக் குரலை நான் அந்த மாதிரி இடத்தில் கேட்டதே இல்லை.

“ம்ம்?” என்றார் டீச்சர், தலையைத் தூக்காமல்.

“அம்மா வெளிய நிக்கலாமா?”

ஜன்னலுக்கு வெளியே

நான் வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நடைபாதையில் ஜன்னலுக்குக் கீழே சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தேன். சரவணன் பக்கத்தில் உட்கார்ந்து, “பேசிட்டா,” என்றார். “பேசிட்டா ல?” என்று மறுபடியும் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் காய்ச்சல் நாளிலிருந்து இந்த நாளுக்குத் தவம் கிடந்தேன். வந்த முதல் பேச்சு என்னை வெளியே அனுப்புகிற பேச்சு.

உள்ளே டீச்சரின் குரல் கேட்டது.

“அம்மா என்னா வேல செய்றாங்க?”

வேன் ஓட்டுறேன் என்று என் வாய் தயாராகிவிட்டது. கையால் பொத்திக்கொண்டேன். 

இப்போதும் நேரம் எடுத்தது. டீச்சர் இப்போதும் பொறுத்தார்.

“வேன் ஓட்டுறாங்க,” என்றது சின்னக் குரல்.

“அப்ப நெறய பிள்ளைங்க வருவாங்களே.”

“இருவத்திரெண்டு பேரு. எல்லாருக்கும் அம்மாதான் பேசுவாங்க.”

மூடி ஒன்று தரையில் உருளுகிற சத்தம் கேட்டது.

“எனக்கும் அவங்களே பேசிருவாங்க.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. வேன் வெள்ளை நிறம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதனால்தான் அது நெஞ்சில் போய் நின்றது. என் அம்மாவுக்கு நான் வாயாக இருந்தேன், அதை வரம் என்று நினைத்தேன். என் மகளுக்கும் அதையே கொடுத்தேன். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

சரவணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பேச்சு தொடர்ந்தது. அவள் துர்காவைப் போல மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டாள் போலிருக்கிறது, டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். 

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். யாழினியின் விரல்களில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. பதிவு மறுநாள் மூடுகிறது என்பது டீச்சருக்கும் தெரியும்.

“அப்பறம் அக்கா, இங்கயே பதிஞ்சிடறீங்களா?”

சரவணன் என்னைப் பார்த்தார். நான் யாழினியைப் பார்த்தேன்.

“அவளக் கேளுங்க டீச்சர்,” என்றேன்.

டீச்சர் கேட்டார். யாழினி விரலில் இருந்த பசையை உரித்தாள். அது முழுவதும் வர நேரம் ஆனது. ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

“இங்கதான்,” என்றாள் அவள்.